கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம் எங்கே சிக்குகிறது? இராமநாதபுரம் கடற்கரை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று கடலோரத்து ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தகுதி இல்லாமல் நிற்பதில்லை. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று கணினிக்குப் புரியாமல் நிற்கின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரே சிக்கலின் வெவ்வேறு முகங்கள்.

யூமிஸ் என்கிறார்கள், என்எஸ்பி என்கிறார்கள், புதுமைப்பெண் என்கிறார்கள். எதில் விண்ணப்பிப்பது?

மூன்றும் தனித்தனி வாசல்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கான மாநில அரசின் உதவித்தொகைக்கு யூமிஸ் தளம். அதற்குக் கல்லூரி கொடுக்கும் யூமிஸ் எண் வேண்டும். மத்திய அரசின் திட்டங்களுக்கு என்எஸ்பி எனும் தேசிய உதவித்தொகைத் தளம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்குக் கல்லூரி வழியாகவே பதிவு நடக்கும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் சேர்வார்கள்.

மாதம் 1,000 ரூபாய் வாங்குவதால் மற்ற உதவித்தொகை நின்றுவிடாது. இரண்டையும் பெறலாம். என்எஸ்பியில் உள்ள மத்தியத் துறை உதவித்தொகை அப்படியல்ல. அதை வாங்குபவர் வேறு அரசு உதவித்தொகையைக் கூடவே வாங்கக் கூடாது.

வருமானச் சான்று இன்னும் வரவில்லை. விண்ணப்பிக்க முடியாதா?

முதலில் அது தேவையா என்று பாருங்கள். அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை கிடையாது. சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்த பையன் சான்றுக்காகக் காத்திருந்து கடைசித் தேதியை விடுவது வீண். முதுகலை, பாலிடெக்னிக், பொறியியல் போன்றவற்றுக்குத்தான் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கும் அதே இரண்டரை லட்சம்தான் வரம்பு.

அப்பா கடல் தொழில். சம்பளச் சீட்டு கிடையாது. வருமானச் சான்றை எப்படி வாங்குவது?

சம்பளச் சீட்டு இல்லாததால் யாருக்கும் மறுப்பதில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, குடும்ப அட்டை, ஆதார், தானே எழுதிய வருமான உறுதிமொழி ஆகியவற்றுடன் பதிய வேண்டும். விஏஓ விசாரித்து அனுப்புவார், ஆர்ஐ எனும் வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் ஆகும். ஒப்புகைச் சீட்டில் ‘டிஎன்’ என்று தொடங்கும் எண் இருக்கும். அதை வைத்து விண்ணப்பம் யார் மேசையில் நிற்கிறது என்று பார்க்கலாம்.

திரும்பி வருவது எதனால் என்றால், பங்குக் காசுக்கு நிலையான கணக்கு இல்லாததால் ஒரு படிவத்தில் 72,000, இன்னொன்றில் 96,000 என்று வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள். உறுதிமொழியில் எழுதிய தொகையே விஏஓ விசாரணையிலும், பிறகு கல்லூரிப் படிவத்திலும் வர வேண்டும். அம்மா கருவாடு விற்பது, பாசி எடுப்பது என்று இன்னொரு வருமானம் இருந்தால் அதுவும் சேர்ந்ததே குடும்ப வருமானம். அப்பா வளைகுடா நாட்டில் இருந்தால் அவர் அனுப்பும் பணத்தை மறைக்காதீர்கள். வங்கிப் புத்தகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சான்று ஓராண்டுதான் செல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் இருக்கும். விசாரணைக்கு அப்பா நேரில் கிடைப்பார், கல்லூரிச் சேர்க்கையும் அதை ஒட்டித்தான் வருகிறது. சான்று வாங்க அதைவிடத் தோதான காலம் கிடையாது.

ஆதாரில் ஒரு பெயர், மார்க் சீட்டில் ஒரு பெயர். எதைத் திருத்துவது?

ஆதாரைத் திருத்துங்கள். பத்தாம் வகுப்புச் சான்றைத் திருத்த வேண்டுமானால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு அதைத் தொடங்கினால் அந்த ஆண்டு உதவித்தொகைக்குக் கைக்கு வராது. ஆதார் சேவை மையத்தில் பெயர்த் திருத்தக் கட்டணம் 75 ரூபாய். ஆனால் வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரை மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். ஆகவே மார்க் சீட்டை மேசையில் வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சொல்லுங்கள். திருத்தம் செய்பவர் திரையைக் காட்டும்போது சரி என்று தலையாட்டிவிட்டு வராமல், நீங்களே படித்துப் பாருங்கள்.

நம் பக்கம் வழக்கமாக வரும் வேறுபாடுகள் மூன்று. முதலாவது, முதலெழுத்து. மார்க் சீட்டில் ‘எஸ்’ என்று மட்டும் இருக்கும், ஆதாரில் செல்வம் என்று அப்பா பெயரே விரிந்திருக்கும். முதலெழுத்து முன்னே பின்னே இருந்தால் பல நேரம் தப்பிவிடும், இப்படி விரிந்திருந்தால் சிக்கும். இரண்டாவது, முகமது என்ற பெயர். இதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. ஆதாரில் ஒன்று, பாஸ்புத்தகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒரே வீட்டில் மூன்றும் இருக்கும். மூன்றாவது, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஓர் ஆவணத்திலும் வீட்டுப் பெயர் இன்னொன்றிலும் இருப்பது. இது எழுத்துப் பிழை அல்ல, வேறு பெயர். முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

ஆதாரைத் திருத்திய கையோடு வங்கியிலும் பெயரை மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு, ஆதார் சரியாகிவிட்டதே என்று இருப்பவர்கள் பணம் வரும் நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓடிபி அப்பா போனுக்குப் போகிறது. அவர் கடலில் இருக்கிறார். என்ன செய்வது?

இன்றைக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும், படகிலிருந்து கூப்பிட்டுச் சொல்வதெல்லாம் நடக்காது. இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போய் மறுநாள் திரும்புகின்றன. அந்த ஓட்டத்தைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, மாணவரின் ஆதாரில் மாணவரின் எண்ணைச் சேர்ப்பது. இதற்கு எந்த ஆவணமும் வேண்டாம். மாணவர் நேரில் போய் விரல் ரேகை வைத்தால் போதும், 75 ரூபாய். ஆதார் மையம் தூரமென்றால் அஞ்சல்காரரிடம் கேளுங்கள். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வழியாகச் செல்பேசி எண்ணை வீட்டிலேயே மாற்றிக் கொடுக்கும் சேவை உண்டு. அப்பா துபாய் போகும்போது விட்டுப்போன சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்து, அந்த எண்ணை நிறுவனம் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருக்கும். அந்த ஆளிடம் ஓடிபி கேட்டு நிற்பதைவிட ஒரு நாள் செலவழித்து எண்ணை மாற்றுவது மேல்.

விரல் ரேகை விழவில்லை என்கிறது.

15 வயதில் ஆதாரில் செய்ய வேண்டிய கட்டாய ரேகைப் புதுப்பிப்பு விட்டுப்போயிருக்கலாம். ஐந்தாறு வயதில் எடுத்த ரேகையோடு கல்லூரி மாணவரின் விரல் பொருந்தாது. 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் இலவசம், பிறகு 125 ரூபாய். பாறையில் பாசி எடுக்கும் கைக்கும், பனை ஓலை பின்னும் கைக்கும் ரேகை தேய்ந்திருக்கும். அப்படியானால் ஓடிபி வழியையோ, முக அடையாள வழியையோ கேளுங்கள். ஈரக் கையைத் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்ப்பதும் சில நேரம் வேலை செய்யும். எப்போதோ ‘பயோமெட்ரிக் பூட்டு’ போட்டுவிட்டு மறந்தவர்களும் உண்டு. மைஆதார் தளத்தில் அதைத் திறக்கலாம்.

சாதிச் சான்று இருக்கிறது. ஆனால் தளம் எண்ணை ஏற்கவில்லை.

கையால் எழுதிய பழைய அட்டைச் சான்றாக இருக்கும். அதற்கு இணையத்தில் சரிபார்க்கும் எண் இல்லை. பழைய அட்டையை இணைத்து இ-சேவையில் புதிதாக விண்ணப்பித்து மின்சான்று வாங்குங்கள். கட்டணம் இதற்கும் 60 ரூபாய்.

இரண்டு இடங்களில் பிரிவைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் வருகிறவர்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘இஸ்லாம்’ என்று மட்டும் எழுதிவிட்டால், கல்லூரி யூமிஸில் பொதுப் பிரிவில் ஏற்றிவிடும், உதவித்தொகைப் பக்கமே திறக்காது. இன்னொன்று, ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரானவர்கள். இவர்களுடைய சாதிச் சான்று பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் வரும். ஆனால் உதவித்தொகை கொடுப்பது ஆதிதிராவிடர் நலத்துறை. சான்றைப் பார்த்துப் பிற்படுத்தப்பட்டோர் திட்டத்தில் போட்டால் உரிய தொகை கைநழுவும். இதைக் கல்லூரி அலுவலகமே சில நேரம் கவனிப்பதில்லை. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

யூமிஸில் என் விவரம் தப்பாக இருக்கிறது. நானே திருத்தலாமா?

முடியாது. பாடப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, சாதிப் பிரிவு, விடுதியில் தங்குபவரா வீட்டிலிருந்து வருபவரா என்பதெல்லாம் கல்லூரி ஏற்றியது, கல்லூரிதான் மாற்றும். ஸ்காலர்ஷிப் பிரிவுக்குப் போகும்போது வாயால் சொல்லிவிட்டு வராமல், யூமிஸ் எண், தப்பாக உள்ள விவரம், சரியான விவரம், அதற்கான சான்றின் நகல் நான்கையும் ஒரே தாளில் கொடுங்கள். விடுதியா வீடா என்பதை அவசியம் பாருங்கள். கிடைக்கும் தொகை அதைப் பொறுத்து மாறும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன். ஆனால் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதி இல்லை என்று வருகிறது.

பள்ளிக் காலப் பதிவு, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலிருந்து வருகிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஏதாவது ஒரு வகுப்பின் பதிவு விட்டுப்போயிருக்கும். எமிஸ் எண் மாற்றுச் சான்றிதழில் இருக்கும், இல்லாவிட்டால் கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் பார்த்துச் சொல்வார். விட்டுப்போன வகுப்பைப் படித்த பள்ளியில் படிப்புச் சான்று வாங்கிக் கல்லூரியில் கொடுங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 8 வரை தனியார் பள்ளியிலும், பிறகு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலும் படித்தவருக்கும் புதுமைப்பெண் திட்டத்தில் தகுதி உண்டு. அந்தத் தனியார் பள்ளியில் இந்தச் சட்டத்தின்படிச் சேர்ந்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். ஐடிஐ, பட்டயப் படிப்பு படிப்பவர்களுக்கும் திட்டம் உண்டு, தொலைநிலைக் கல்விக்கு இல்லை.

என்எஸ்பியில் ஓடிஆர் என்கிறார்கள். அது வராமல் நிற்கிறது.

அது மாணவருக்கு ஒரே முறை கிடைக்கும் 14 இலக்கப் பதிவெண். படிப்பு முடியும்வரை அதேதான். இன்னொன்று எடுக்க முயலாதீர்கள். மறந்துபோனால் தளத்திலேயே மீட்கும் வழி இருக்கிறது. அந்த எண்ணைப் பெறுவதற்கான முக அடையாளத்துக்கு ஆண்ட்ராய்டு போனில் என்எஸ்பி ஓடிஆர் செயலியும், ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது வேலை செய்யாது. போன் பழையதாக இருந்தால் யாருடைய போனிலும் செய்யலாம், முகம்தான் உங்களுடையதாக இருக்க வேண்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகத் தெரிந்து தோற்கும். வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

மத்தியத் துறை உதவித்தொகைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வு வாரிய அளவில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும்.

விண்ணப்பம் ‘குறைபாடு’ என்று திரும்பினால் அது நிராகரிப்பல்ல. காரணத்தைப் படித்து, திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும், அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. ‘கல்லூரியில் நிலுவை’ என்று இருந்தால் நீங்கள் தளத்தைத் திறந்து திறந்து பார்ப்பதில் பயனில்லை. கல்லூரிக்குப் போங்கள். கல்லூரியின் கடைசித் தேதி கடந்தால் உங்கள் விண்ணப்பம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கேயே கிடக்கும்.

பிரவுசிங் சென்டரில் போட்டோம். இப்போது கடவுச்சொல் தெரியவில்லை.

அவர்கள் தங்கள் எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டிருப்பார்கள். அவசரத்தில் அது அவர்களுக்கு வசதி. உள்ளே நுழைய முடிந்தால் முதல் வேலையாக எண்ணை மாற்றுங்கள். முடியாவிட்டால் கல்லூரிப் பொறுப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். அடுத்த முறை உங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கோப்பு ஏறவில்லை என்றால் படத்தின் அளவு பெரிதாக இருக்கும். ஒளிப்படத்துக்கு 50 கேபி, ஆவணத்துக்கு 200 கேபி போன்ற சிறிய வரம்புகளே வழக்கம். பெட்டிக்குக் கீழேயே எழுதியிருக்கும்.

‘பணம் அனுப்பப்பட்டது’ என்று காட்டுகிறது. பாஸ்புத்தகத்தில் இல்லை.

அதிகம் பேர் அலைவது இதற்குத்தான். டிபிடி எனும் நேரடிப் பணமாற்றம், நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை. ஆதார் எண்ணைத் தேடி, வங்கிகளுக்கிடையே பணமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பட்டியலில் அந்த ஆதாருக்கு எதிரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கே போகிறது. எத்தனை கணக்கில் ஆதார் கொடுத்திருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக இணைத்ததுதான் நிற்கும்.

மைஆதார் தளத்தில் நுழைந்து ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற பகுதியைப் பாருங்கள். வங்கிப் பெயரும், அது செயலில் இருக்கிறதா என்பதும் தெரியும். நீங்கள் நினைக்காத ஒரு வங்கி அங்கே இருந்தால் பதற வேண்டாம். சிம் வாங்கிய கடையில் விரல் வைத்தபோது ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறந்திருக்கலாம், பள்ளிக் காலத்தில் திறந்த கணக்காகவும் இருக்கலாம். பணம் அங்கேதான் கிடக்கும். போய் எடுத்துக்கொள்ளலாம்.

‘செயலில் இல்லை’ என்று வந்தால் வங்கிக்குப் போங்கள். அங்கே ஒரு சொல் முக்கியம். “ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா” என்று கேட்டால் ஆகியிருக்கிறது என்பார்கள். அது கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காகக் கொடுத்த நகல். நீங்கள் கேட்க வேண்டியது, “டிபிடிக்கு ஆதார் சீடிங் செய்து, என்பிசிஐயில் ஏற்றுங்கள்” என்பதை. அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்து மைஆதாரில் மறுபடி பாருங்கள். நிலை மாறியிருந்தால்தான் வேலை முடிந்தது.

வங்கி சரியாக இருந்தும் பணம் திரும்பிப் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பள்ளியில் திறந்த கணக்கு, 18 வயது ஆன பிறகும் சிறார் கணக்காகவே இருந்தால் முடங்கும். புதிய கையெழுத்தும் கேஒய்சியும் கொடுத்து மாற்றுங்கள். முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கில் இருப்பு 50,000 ரூபாயையும், ஓராண்டு வரவு 1 லட்சத்தையும் தாண்டக் கூடாது. பொறியியல் மாணவருக்குக் கட்டணத் தொகை மொத்தமாக வரும்போது அந்த வரம்பில் இடிக்கும். இரண்டாண்டு வரவு செலவே இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக வைத்துவிடும். உதவித்தொகைக்காகத் திறந்த பூஜ்ய இருப்புக் கணக்கை அப்படி வைக்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. மறுபடி செயல்படுத்தக் கட்டணமும் கேட்கக் கூடாது. தயங்காமல் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி எனும் வங்கிக் கிளைக் குறியீட்டையும் எழுதச் சொல்லும் திட்டங்களில் பழைய பாஸ்புத்தகம் ஆபத்து. பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் வங்கிகளும் 2020இல் வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன. ஐஎஃப்எஸ்சி 11 எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ‘ஓ’ என்று அடித்துவிடுவது வழக்கமான பிழை. அப்பா பெயரிலுள்ள கணக்கு எதற்கும் ஆகாது.

பாதிப் பணம்தான் வந்திருக்கிறது.

ஆதிதிராவிடருக்கான மேற்படிப்பு உதவித்தொகை என்றால் அது இயல்பு. மாநிலப் பங்கு 40 விழுக்காடு முதலில் வரும், மத்தியப் பங்கு 60 விழுக்காடு பிறகு தனியாக வரும். இரண்டும் மாணவர் கணக்குக்கே வருகின்றன. அதில் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருக்கும், வந்தவுடன் கல்லூரியில் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. செலவழித்துவிட்டால் தேர்வு நுழைவுச் சீட்டு நேரத்தில் நெருக்கடி வரும்.

அக்காவும் முதல் பட்டதாரிச் சலுகை வாங்கினாள். தம்பிக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

எல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் வரவில்லை. யாரிடம் போவது?

கல்லூரி அனுப்பிவிட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அனுப்பியிருந்தால் இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், உங்கள் பிரிவுக்கு ஏற்ப மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலோ பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலோ கேளுங்கள். தொலைபேசியில் என்றால் ஆதாருக்கு 1947, என்எஸ்பிக்கு 0120-6619540, மாநில அரசிடம் புகாருக்கு 1100. இவர்களில் யாரும் ஓடிபி கேட்கமாட்டார்கள். “உதவித்தொகை பாஸாகிவிட்டது, எண்ணைச் சொல்லுங்கள்” என்று கூப்பிடுகிறவன் திருடன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பதானால், யூமிஸ் எண் அல்லது என்எஸ்பி விண்ணப்ப எண், திட்டத்தின் பெயர், கல்வியாண்டு, தளம் காட்டும் நிலையின் அச்சுப்படி, மைஆதார் வங்கி நிலையின் அச்சுப்படி ஆகியவற்றை இணையுங்கள். “பணம் வரவில்லை” என்று மட்டும் எழுதிய மனு, அந்த எண்களைக் கேட்டுக் கடிதமாக உங்களிடமே திரும்பி வரும்.